இந்த அரிசியிலிருந்து எதை எடுத்தார்கள்?

கோலாலம்பூர் செந்தூலில் மளிகைக் கடை நடத்துகிறேன். கிளினிக்கில் இனிப்புநீர் (நீரிழிவு) என்று சொல்லிவிட்டால் அந்த வாரமே பலர் என் கடைக்கு வந்துவிடுகிறார்கள். ஒரு கையில் கிளினிக் கொடுத்த தாள். அதில் ஒரு தட்டின் படம் இருக்கும்: பாதித் தட்டு காய்கறியும் பழமும், கால் தட்டு சோறு, கால் தட்டு மீன், கோழி, முட்டை, பருப்பு. 'சுக்கு சுக்கு செபாரோ' (மலாயில் 'கால், கால், பாதி') என்று சுகாதார அமைச்சு பல வருடங்களாகச் சொல்லிவருகிற அதே தட்டு. இன்னொரு கையில் கைப்பேசி. அதில் யாரோ ஒருவர் அரிசியைத் தொடாதே, சிறுதானியம் மட்டும் சாப்பிடு, மாத்திரையைத் தூக்கிப் போடு என்று பேசிக்கொண்டிருப்பார். "அக்கா, இதுல யாரு சொல்றதைக் கேக்கிறது?" என்பார்கள்.

நான் மருத்துவர் இல்லை. இயற்கை மருத்துவத்தை விரும்பிப் படித்து, அதன்படி வீட்டில் சமைத்துச் சாப்பிடுகிறவள். கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். கிளினிக் தாள் 'எவ்வளவு' என்ற கேள்விக்குப் பதில் சொல்கிறது. அந்தப் பதில் சரியானது, அதை விடாதீர்கள். ஆனால் அந்தத் தாள் கேட்காத கேள்வி ஒன்று உண்டு. தட்டுக்கு வரும் முன்னால் இந்தச் சாப்பாட்டிலிருந்து எதை எடுத்துவிட்டார்கள்? இயற்கை மருத்துவத்தில் எனக்கு உயிரான கேள்வி அதுதான். இந்தக் கேள்விக்கு நம் ஊரிலேயே ஒரு வரலாறு இருப்பது நிறையப் பேருக்குத் தெரியாது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாய் மாநிலங்களில் பெரிபெரி நோய் ஆட்களைக் கொத்துக் கொத்தாகக் கொண்டுபோனது. கால் மரத்துப்போகும், உடம்பு வீங்கும், இதயம் நின்றுவிடும். ஈயச் சுரங்கங்களில் வேலை செய்த சீனர்களுக்குத்தான் அதிகம் வந்தது. தோட்டங்களில் இருந்த தமிழர்களுக்கு அவ்வளவாக வரவில்லை. அதே வெயில், அதே மழை, அதே கொசு. பிராடன் என்ற மருத்துவர் நெகிரி செம்பிலானில் பல வருடங்கள் இதைக் கவனித்து, வித்தியாசம் அரிசியில் இருக்கிறது என்று 1907இல் புத்தகமே எழுதினார். சுரங்கத்து ஆட்கள் சாப்பிட்டது தீட்டிய வெள்ளைப் பச்சரிசி. தோட்டத்து ஆட்கள் சாப்பிட்டது ஊரிலிருந்து வந்த புழுங்கலரிசி.

அதே காலத்தில், 1905 முதல், கோலாலம்பூர் மனநல விடுதியில் பிளெட்சர் என்ற மருத்துவர் அங்கிருந்தவர்களை இரண்டு கூட்டமாகப் பிரித்து, ஒரு கூட்டத்துக்கு சயாம் (இன்றைய தாய்லாந்து) பச்சரிசியும் இன்னொரு கூட்டத்துக்குப் புழுங்கலும் கொடுத்தார். பச்சரிசிப் பக்கம் பெரிபெரி வந்தது, ஆட்கள் செத்தார்கள். புழுங்கல் பக்கம் பெரிபெரியால் யாரும் சாகவில்லை. சம்மதம் கேட்கப்படாத மனிதர்கள் அவர்கள். அவர்களை நினைக்காமல் இந்தக் கதையைச் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. பிறகு கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த பிரேசரும் ஸ்டாண்டனும், அரிசியைத் தீட்டும்போது போகிற தவிட்டில்தான் விஷயம் இருக்கிறது என்று 1909 வாக்கில் உறுதிப்படுத்தினார்கள். அந்தச் சத்தை ஜாவாவில் தனியாகப் பிரித்தெடுத்தது 1926இல். இன்று பி1 என்கிறோம், தயமின் என்கிறோம்.

வைட்டமின் என்ற பேச்சே பெரிதாகப் பிறக்காத காலத்தில் நம் பாட்டன் பூட்டன் உயிரைக் காத்தது நெல்லை அவித்துக் குத்துகிற பழக்கம். ஏன் காத்தது என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கத் தேவையில்லை. நமக்குத் தெரிய வேண்டும்.

நெல்லை உமியோடு ஊறவைத்து, ஆவியில் அவித்து, காயவைத்து, அப்புறம்தான் குத்துகிறார்கள். ஊறி வேகும்போது தவிட்டில் இருக்கிற சத்தில் ஒரு பகுதி அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு தவிட்டைத் தள்ளினாலும் உள்ளே போனது போகாது. கடையில் யாராவது கேட்டால் ஒரு பிடி பொன்னிப் புழுங்கலையும் ஒரு பிடி சயாம் அரிசியையும் பழுப்புத் தாளில் பக்கத்தில் பக்கத்தில் கொட்டிக் காட்டுவேன். சயாம் அரிசி சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாகக் கிடக்கும். புழுங்கல் லேசாக மஞ்சள் ஓடி, வெளிச்சத்தில் பிடித்தால் கண்ணாடித் துண்டு போலத் தெரியும். பல்லில் வைத்துக் கடிக்கச் சொல்வேன். புழுங்கல் சட்டென்று உடையாது. அவித்து ஆறும்போது மாவுச்சத்து இறுகிக்கொள்கிறது. அதனால்தான் புழுங்கல் சோறு சாப்பிட்ட பிறகு ரத்தத்தில் சர்க்கரை ஏறுவதும் பொதுவாகக் கொஞ்சம் மெதுவாக இருக்கும்.

கொஞ்சம்தான். புழுங்கல் என்று மலை மாதிரி குவித்துச் சாப்பிட்டால் அதுவும் ஏற்றத்தான் செய்யும். இங்கேதான் கிளினிக் தாள் வேண்டும். கால் தட்டு என்றால் கால் தட்டு.

சமைக்கிற விதத்திலும் எடுத்துவிடுகிறோம். பி1 தண்ணீரில் கரைகிற சத்து. அரிசியைத் தண்ணீர் தெளிகிற வரை கசக்கிக் கசக்கிக் கழுவி, நிறையத் தண்ணீர் விட்டு வடித்து, கஞ்சியைத் தொட்டியில் ஊற்றினால் பாதி வேலை வீண். ரப்பர் தோட்டத்தில் எங்கள் பாட்டி வடிகஞ்சியைக் கொட்டி நான் பார்த்ததே இல்லை. உப்பும் ஒரு சின்ன வெங்காயமும் போட்டு, பால்மரம் வெட்டப் போகிறவர்களுக்குக் கொடுத்துவிடுவார். இன்று குக்கரில் அளவாகத் தண்ணீர் வைத்துப் பொங்கிவிடுகிறோம், அதில் ஒன்றும் குறையில்லை. கழுவுவதை மட்டும் இரண்டு தண்ணீரோடு நிறுத்துங்கள்.

2023 ஜூலையில் இந்தியா பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியை நிறுத்தியது. அடுத்த மாதம் புழுங்கலுக்கும் 20 விழுக்காடு ஏற்றுமதி வரி போட்டது. இங்கே விலை எகிறியது. பலர் பொன்னியை விட்டுவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது, மாதக் கடைசியில் யாருக்கும் கஷ்டம்தான். பாதிப் பாதியாகக் கலந்து பொங்குங்கள், சோற்றைக் குறைத்துப் பருப்பைக் கூட்டுங்கள் என்றுதான் சொன்னேன்.

இதே கேள்வியை எடுத்துக்கொண்டு மற்ற அலமாரிகளுக்குப் போவோம். 'கேழ்வரகு' என்று பெரிதாக அச்சடித்த டின்கள் நிறைய வருகின்றன. திருப்பிப் பின்பக்கம் பாருங்கள். நம் நாட்டுச் சட்டப்படி, எது அதிகமோ அதைத்தான் முதலில் எழுத வேண்டும். சில டின்களில் முதல் பெயரே சீனி. கேழ்வரகு சுண்ணாம்புச் சத்துக்குப் பேர்போன தானியம், நான் மனதார விற்கிற பொருள். ஆனால் நைசாக அரைத்த மாவைக் கரைத்துக் காய்ச்சிக் குடித்தால் அது சீக்கிரம் செரித்து, சர்க்கரையைச் சீக்கிரம் ஏற்றும். இனிப்புநீர் உள்ளவர்கள் முழுத் தானியமாக வேகவைத்துச் சாப்பிடுவது மேல். களி, அடை என்று செய்தாலும் காயும் கீரையும் சேர்த்து, அளவாக. சிறுதானியம் என்பதற்காகக் கணக்கு மாறிவிடாது.

கிளினிக் தாளோடு எனக்கு வருத்தம் வருகிற இடம் பிஸ்கட். காலைக்கும் மதியத்துக்கும் நடுவில் பசித்தால் கிரீம் கிராக்கர் சாப்பிடலாம் என்று எத்தனையோ பேருக்குச் சொல்லி அனுப்புகிறார்கள். மாவுச்சத்துக் கணக்கில் இரண்டு மூன்று பிஸ்கட்டும் கொஞ்சம் சோறும் பக்கத்தில் பக்கத்தில் வரும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பிஸ்கட் என்பது தவிடும் முளையும் போன கோதுமை மாவு, பாமாயில், உப்பு. அந்த இடத்தில் ஒரு கைப்பிடி வேகவைத்த கொண்டைக்கடலையைச் சொல்லக் கூடாதா? தானியத்தில் பாதியாவது முழுத் தானியமாக இருக்கட்டும் என்று நாட்டின் உணவு வழிகாட்டியே சொல்கிறது. அந்த வரி கிளினிக் மேசையைத் தாண்டிச் செந்தூல் அடுக்குமாடி வீட்டுச் சமையலறைக்கு வந்து சேர்வதில்லை. கிளினிக்கில் வேலை செய்கிற பிள்ளைகளுக்கும் ஒரு ஆளிடம் பத்து நிமிடம் உட்கார்ந்து பேச நேரம் கிடைப்பதில்லை.

பானங்களைப் பற்றி இரண்டு பக்கமும் ஒரே பேச்சுத்தான். உலகச் சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்குச் சேர்க்கும் சீனியை ஏறக்குறைய 25 கிராமுக்குள் வைத்துக்கொண்டால் நல்லது என்கிறது. ஒரு மேசைக்கரண்டி இனிப்பு டின் பாலிலேயே பத்து கிராம் பக்கம் வந்துவிடும். காலையில் ஒன்று, நான்கு மணிக்கு ஒன்று என்று அந்தப் பால் ஊற்றி ஆற்றிய தே தாரேக் குடித்தால் அன்றைய கணக்கு ஏறக்குறைய முடிந்தது. அரசாங்கம் 2019 ஜூலை முதல் தேதியிலிருந்து இனிப்புப் பானங்களுக்கு லிட்டருக்கு 40 சென் வரி போட்டது, பிறகு அதைக் கூட்டியது. அது போத்தலிலும் பெட்டியிலும் வருகிறவற்றுக்கு. மாமாக் உணவுக்கடையில் ஆற்றித் தருகிற தேத்தண்ணிக்கு வரி நம் வாய்தான் போட வேண்டும். 'தே ஓ கோசோங்' (பாலும் சீனியும் இல்லாத தேத்தண்ணி) என்று சொல்லிப் பழகுங்கள். முதலில் கசக்கும். நாக்கு மெல்லப் பழகிக்கொள்ளும்.

இயற்கை மருத்துவம் பேசுகிறவர்களிடம் எனக்குக் கோபம் வருகிற இடங்களும் உண்டு. அதைச் சொல்லாவிட்டால் நான் இதை எழுதவே கூடாது.

கருப்பட்டி, நாட்டுச் சர்க்கரை, தேன் எல்லாம் இனிப்புநீருக்கு நல்லது என்கிறார்கள். நான் கருப்பட்டி விற்கிறேன், ஆனாலும் சொல்கிறேன்: ரத்தத்துக்கு அதுவும் சர்க்கரைதான். பசித்துச் சாப்பிடு, நன்றாக மென்று சாப்பிடு என்பது எனக்கு முழுச் சம்மதம். நொறுங்கத் தின்றால் நூறு வயது என்று சும்மாவா சொன்னார்கள். ஆனால் இன்சுலினோ, கிளிக்லசைடு போன்ற மாத்திரையோ எடுக்கிற ஒருவரைப் பார்த்து "ஒரு நாள் பட்டினி போடு, உடம்பு சுத்தமாகும்" என்று சொல்வது ஆபத்து. சர்க்கரை சட்டென்று இறங்கி மயங்கி விழுந்துவிடுவார்கள்.

'பச்சையாகச் சாப்பிடு' என்பதும் அப்படித்தான். நம் ஊர்ப் பாசாரில் கட்டுக் கட்டாக விற்கிற செக்கூர் மானிஸ் கீரை அருமையான கீரை, முட்டையோடு கிளறினால் வாசனையே தனி. 1990களின் நடுவில் தைவானில் உடம்பு இளைக்க வேண்டும் என்று இதே கீரையைப் பச்சையாக அரைத்து ஜூஸாகக் குடித்தவர்களில் பலருக்கு நுரையீரல் திரும்பச் சரியாகாத அளவுக்குக் கெட்டுப்போனது. தலைமுறை தலைமுறையாக வேகவைத்தே சாப்பிட்டு வந்த கீரை அது. சமைக்கிற மரபும் சேர்ந்ததுதான் இயற்கை. பச்சையாகவே தின்னுகிற இலை வேண்டுமென்றால் மலாய்க்காரர்களின் ஊலாம் தட்டைப் பாருங்கள். அதில் இருக்கிற பேகாகா நம் வல்லாரைதான். சௌகிட் பாசாரில் வாங்கி, தேங்காய்ப்பூ, சின்ன வெங்காயம், எலுமிச்சை போட்டுப் பிசைந்தால் பாதித் தட்டு நிறைந்துவிடும்.

எனக்கு மிகவும் பயம் தருவது சிறுநீரகம் கெட்டவர்கள் விஷயம். இனிப்புநீர் நாளானால் சிறுநீரகத்தைத் தொடும், மலேசியாவில் நம் இந்தியர்களிடையே இனிப்புநீர் மற்றவர்களைவிட அதிகம். டயாலிசிஸ் செய்துகொள்ளும் அண்ணன் ஒருவர் கடைக்கு வெளியே நின்று, யாரோ சொன்னார்கள் என்று ஒரு பை நிறைய பெலிம்பிங் பழம் வைத்திருந்தார், ஜூஸ் போட. நட்சத்திரப் பழம் என்போமே, அதுதான். நான் கும்பிட்டுக் கேட்டுக்கொண்டேன், வேண்டாம் என்று. சிறுநீரகம் சரியாக இருப்பவருக்கு அது வெறும் பழம். கெட்டவருக்கு அதிலிருக்கிற நச்சு வெளியேறாமல் மூளையைத் தாக்கும். நிற்காத விக்கல், குழப்பம், வலிப்பு, உயிரே போகும். அவர் பையை என்னிடமே கொடுத்துவிட்டுப் போனார். இளநீரும் முருங்கைக்கீரையும்கூட அவர்களுக்குப் பொட்டாசியத்தை ஏற்றிவிடலாம். எனக்கு அமுதம், அவருக்கு இல்லை.

இன்னொன்று, சைவச் சாப்பாட்டுக்காரர்களுக்கு. இனிப்புநீருக்குக் கொடுக்கிற மெட்ஃபார்மின் மாத்திரையை வருடக்கணக்கில் சாப்பிட்டால் பி12 குறையலாம். காய்கறியில் பி12 கிடையாது. கால் மதமதவென்று இருக்கிறது என்றால் எல்லாம் இனிப்புநீரால்தான் என்று விட்டுவிடாமல், பி12 பரிசோதனை செய்யலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். எந்தக் கஷாயம், எந்த ஜூஸ் குடிக்கிறீர்கள் என்பதையும் ஒளிக்காமல் அவரிடம் சொல்லுங்கள். திட்டுவார்கள் என்று பயந்து மறைக்கிறார்கள், அதனால் மருந்தின் அளவே தப்பாகப் போகலாம். பாகற்காய்ச் சாறும் மாத்திரையும் சேர்ந்து சர்க்கரையை அளவுக்கு மேல் இறக்குவது நடக்கக்கூடியது.

அந்தத் தட்டின் படத்தை இப்போது தமிழில் ஒரு தாளாகப் போட்டு கல்லா பக்கத்தில் வைத்திருக்கிறேன். கால் தட்டில் புழுங்கல் சோறு, கால் தட்டில் கெம்போங் மீனோ துவரம்பருப்போ, பாதித் தட்டில் நாம் உண்மையிலேயே வாங்குகிற காய்: புடலங்காய், வெண்டைக்காய், கங்கோங், வல்லாரை. தெரிந்த உணவியல் நிபுணர் ஒருவர் பார்த்துத் திருத்திக் கொடுத்தார். பழத்தின் அளவைக் குறைக்கச் சொன்னார், குறைத்தேன். சிறுநீரக நோயாளிகளுக்கு இந்தத் தாள் பொருந்தாது என்று மேலேயே சிவப்பில் போடச் சொன்னார், போட்டிருக்கிறேன். வேண்டியவர்கள் வந்து எடுத்துக்கொள்ளலாம், பொருள் வாங்க வேண்டும் என்றில்லை.