அப்பா போட்ட சத்து மாத்திரை

அப்பாவுக்கு இதய வால்வு மாற்றி ஆறு வருஷம் ஆகிறது. அன்றிலிருந்து ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின், மாதாமாதம் ஐஎன்ஆர் டெஸ்ட். ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் எண் அது, கூடினால் ரத்தக் கசிவு. அப்பாவுக்கு அது 3-ஐ ஒட்டி இருக்க வேண்டும். போன மார்கழியில் பல் தேய்க்கும்போதெல்லாம் ஈறில் ரத்தம், முழங்கையில் எங்கே இடித்ததென்றே தெரியாத ஒரு நீலத்திட்டு. டெஸ்ட் எடுத்தால் 5.2.

டாக்டர் துருவித் துருவிக் கேட்டார். ஆன்டிபயாடிக் ஏதாவது? கீரையைக் குறைத்தீர்களா? எல்லாவற்றுக்கும் இல்லை என்றோம். கிளம்பும்போதுதான் அம்மாவுக்கு நினைவு வந்தது. கால் பிடித்து இழுக்கிறது என்று அப்பா சொல்ல, அத்தை வாங்கிக் கொடுத்த வைட்டமின் ஈ 400, காலையில் ஒன்று ராத்திரி ஒன்று, இரண்டு மாதமாக! "அது சத்து மாத்திரைதானே, அதையுமா சொல்லணும்?" என்றார் அப்பா. டாக்டர் முதலில் நிறுத்தச் சொன்னது அதைத்தான்.

வைட்டமின் ஈ அதிகமானால் ரத்தத் தட்டணுக்கள் ஒட்டுவது குறையும், ரத்தம் உறைய உதவும், கீரையில் இருக்கும் வைட்டமின் கே-யின் வேலையும் கெடும். வார்ஃபரினும் அதே கே-யைத்தான் தடுக்கிறது, அப்புறம் ரத்தம் எப்படி உறையும்? அமெரிக்கக் கணக்கில் பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு வேண்டியது 15 மில்லிகிராம்தான். கடலை, பாதாம், சூரியகாந்தி எண்ணெய் எல்லாவற்றிலும் இருக்கிறது. உச்ச வரம்பு அங்கே 1000, ஐரோப்பாவில் 300 மில்லிகிராம், அதுவும் ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுக்காதவர்களுக்கு.

வைட்டமின் ஈ, பீட்டா கரோட்டின், செலினியம் மாதிரி ஆன்டிஆக்ஸிடன்ட் என்றாலே நல்லது என்ற நம்பிக்கைதான் எனக்குப் பயமாக இருக்கிறது. அமெரிக்காவிலும் கனடாவிலும் 35,000-க்கும் மேற்பட்ட ஆண்களிடம் நடந்த செலக்ட் ஆய்வில் தினமும் 400 யூனிட் வைட்டமின் ஈ மட்டும் எடுத்தவர்களுக்குப் புராஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் அதிகம் என்று 2011-இல் வெளியானது. புற்றுநோயைத் தடுக்குமா என்று பார்க்கத்தான் அந்த ஆய்வையே தொடங்கினார்கள். ஃபின்லாந்தில் சிகரெட் பிடிக்கும் ஆண்களுக்குத் தினமும் 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் கொடுத்துப் பார்த்ததில் நுரையீரல் புற்றுநோய் கூடியது, அது 1994-இலேயே தெரிந்த விஷயம். செலினியம் அளவு மீறினால் முடி கொட்டும், நகம் உடையும். முடிக்காக அதை வாங்குகிறவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ளுங்கள்.

இரண்டு வாரத்தில் அப்பாவுக்கு ஐஎன்ஆர் 3.1-க்கு இறங்கியது. அத்தை இன்னும் அந்த மாத்திரையைப் போடுகிறார், அடுத்த மாதம் அவருக்குப் பல் பிடுங்க வேண்டியிருக்கிறது. அந்த அட்டையைக் கையோடு கொண்டுபோய்ப் பல் டாக்டரிடம் காட்டச் சொல்லியிருக்கிறேன், சரி என்றிருக்கிறார்.