பக்கத்து சீட்டுக்காரரோட ஓஷி யாரு?

டோக்கியோவுக்கு வேலைக்கு வர்ற நம்மாளுங்க நிறைய பேரு நிஷிகசாய் பக்கம்தான் வீடு பாப்பாங்க, நானும் அங்கதான். இட்லி அரிசி, கறிவேப்பிலை, தமிழ் பேச ஆளு எதுக்கும் குறை இல்ல. ஆனா ஆபீஸ்ல பக்கத்து சீட்டுக்காரர்ட்ட என்ன பேசுறதுன்னுதான் ரொம்ப நாளா பிடிபடல. வெயில், மழை, அதுக்கு மேல வாய் தொறக்க மாட்டாரு.

ஒருநாள் அவரு பைல தொங்குன அனிமே (ஜப்பான் கார்ட்டூன்) பேட்ஜைப் பாத்து இது யாருங்கன்னு கேட்டேன், அவ்ளோதான், லஞ்ச் டைம் முழுக்க நிறுத்தவே இல்ல மனுஷன். அது அவரோட ஓஷியாம், அதாவது காசு, நேரம், லீவு எல்லாத்தையும் கொட்டுற அளவுக்குப் பிடிச்ச கேரக்டர். கட்அவுட்டுக்கு பாலாபிஷேகம் பண்ற ஊர்லேந்து வந்தவனுக்கு இதெல்லாம் புரியாமலா போகும்!

அவருக்கு அம்பது வயசு இருக்கும், ரொம்ப வருஷம் இதை வெளிய காட்டிக்கலையாம். 1989ல சின்னப் பிள்ளைகளைக் கொன்ன ஒருத்தன் பிடிபட்டப்ப அவன் ரூம்ல குவிஞ்சு கிடந்த வீடியோ கேசட்டை டிவில திரும்பத் திரும்ப காட்டி, ஓட்டாக்குன்னாலே, அதாவது அனிமே மாதிரி விஷயங்கள்லயே மூழ்கிக் கிடக்கறவங்கன்னாலே, இப்படித்தான்னு ஒரு முத்திரை குத்திட்டாங்க. இப்ப அரசாங்கமே அனிமேயை வெளிநாட்டுக்கு விளம்பரம் பண்ணுது, அது வேற கதை.

அப்புறம் ஆபீஸ் சாட்டும் புரிய ஆரம்பிச்சுது. சிரிப்புக்கு இங்க்லிஷ் டபிள்யூவை வரிசையா தட்டுவாங்க, அது புல்லு முளைச்ச மாதிரி இருக்குன்னு இப்ப "குசா", புல்லுன்னே எழுதுறாங்க. கைதட்டுக்கு 8888. 2006ல வந்த நிகோநிகோ சைட்ல பாக்கறவங்க கமென்ட் எல்லாம் வீடியோ மேலயே ஓடும், தியேட்டர்ல முதல் நாள் முதல் ஷோ கத்தலை எழுத்துல பாத்தா எப்படி, அப்படி.

ரசிகர்கள் தாங்களே போட்ட புக்கை விக்கிற பெரிய சந்தையான கோமிகேவுக்கும் அவருதான் கூட்டிட்டுப் போனாரு. 1975ல 32 குழுவோட ஆரம்பிச்சது, இப்ப வருஷத்துக்கு ரெண்டு தடவை டோக்கியோ பிக் சைட் கண்காட்சி அரங்குல லட்சக்கணக்குல கூட்டம். பாதிக்கு மேல ரசிகர்களே வரைஞ்சு அச்சடிச்சு விக்கிற தோஜின்ஷி புக்கு, நிறைய பேரு அடுத்தவன் கேரக்டரை எடுத்துதான் வரையறாங்க, ஆனா கம்பெனிங்க பெரும்பாலும் கண்டுக்கறதில்ல, இங்க வரையறவன்தான் நாளைக்கு அவங்களுக்கே வரையப் போறான்னு தெரியும் போல. கஸ்டமர்னு யாரும் கிடையாதாம், வாங்கறவன் விக்கிறவன் எல்லாருமே பங்கேற்பாளர்தான். காஸ்ப்ளே ட்ரெஸ்ஸை, அதாவது பிடிச்ச கேரக்டர் மாதிரி போடுற வேஷத்தை, வீட்லேந்தே போட்டுட்டு வரக்கூடாது, உள்ள வந்துதான் மாத்தணும், போட்டோ எடுக்க கேட்டுட்டுதான் எடுக்கணும். ஆகஸ்ட் வெயில்ல அவ்ளோ பெரிய க்யூ, ஒரு தள்ளுமுள்ளு இல்ல, எனக்கு அதுதான் அனிமேயை விட ஆச்சரியம். போறவங்க தண்ணியும் 100 யென், 500 யென் காசும் நெறைய எடுத்துட்டுப் போங்க, பெரிய நோட்டை நீட்டுனா சங்கடப்படுவாங்க.

பதிலுக்கு நான் அவரை மசாலா ஸ்கிரீனிங்குக்கு கூப்பிட்டேன். 1998ல முத்து இங்க சக்கைப்போடு போட்டதுலேந்தே ரஜினிக்கு ஜப்பான்ல ரசிகர் கூட்டம் உண்டு, இந்திய படத்துக்குன்னே கத்த, ஆட, பேப்பர் தூவ அனுமதி உள்ள ஷோ நடத்தறாங்க. வானிலை பேசுற மனுஷன் தலைவர் என்ட்ரிக்கு எந்திரிச்சு நின்னு கத்துனாரு பாருங்க, நானே கொஞ்சம் அடங்கி உக்காந்துட்டேன். படம் முடிஞ்சதும் தூவுன பேப்பரை அவங்களே கூட்டி அள்ள ஆரம்பிக்க, நம்ம பசங்க நாலு பேரும் வேற வழியில்லாம குனிஞ்சோம்.