சட்டைப்பையில் ஒரு கல்

போன அரைப்பரீட்சை லீவில் பேரன் வந்திருந்தபோது நாள் முழுக்க போனில் எதையாவது நோண்டிக்கொண்டே இருந்தான். உலகத்தில் எங்கெங்கே விசித்திரமான இடங்கள் இருக்கின்றன என்று பார்ப்பது அவனுக்குப் பொழுதுபோக்கு. மெக்சிகோவில் மரமெல்லாம் பழைய பொம்மைகளைக் கட்டித் தொங்கவிட்ட தீவு, ராஜஸ்தானில் ஆயிரக்கணக்கான எலிகள் ஓடித் திரியும் கர்ணி மாதா கோயில் என்று ஒவ்வொன்றாகக் காட்டுவான். ஒருநாள், "தாத்தா, உங்க ஆளு ஒருத்தர் இருக்கார் பாருங்க" என்று போனை நீட்டினான்.

ஃபெர்டினான் ஷெவால். பிரான்சில் ஓட்ரீவ் என்ற கிராமத்துத் தபால்காரர். தினம் 30 கிலோமீட்டருக்கு மேல் நடந்து தபால் கொடுத்தவர். 1879-ல் ஒருநாள் வழியில் ஒரு கல் தடுக்கியது. வடிவம் பிடித்துப்போய் அதை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். மறுநாள் இன்னும் சில கற்கள். முதலில் சட்டைப்பை, பிறகு கூடை, பிறகு தள்ளுவண்டி. பகலில் தபால், ராத்திரியில் விளக்கு வெளிச்சத்தில் கொத்து வேலை. 33 வருஷம் தனியாளாகக் கட்டி 1912-ல் முடித்த அந்த மாளிகையைப் பார்க்க இன்று எங்கெங்கிருந்தோ ஆட்கள் வருகிறார்கள். அந்த மாளிகையின் ஒரு பக்கச் சுவரில் அவர் ஒரு இந்துக் கோயிலையும் கட்டி வைத்திருக்கிறார். அஞ்சல் அட்டையிலும் பத்திரிகையிலும் பார்த்த படங்கள்தான் அவருக்கு மாதிரி. இந்தியப் பக்கமே வந்ததில்லை.

நானும் 31 வருஷம் தபால்காரன். வத்தலக்குண்டுக்கு மேலே, பண்ணைக்காடு, தாண்டிக்குடி பக்கம் காப்பித் தோட்டங்களுக்கு நடந்தே மணியார்டர் கொண்டுபோனவன். எத்தனை கல் தடுக்கியிருக்கும்! ஒன்றைக்கூட எடுத்ததில்லை. அந்த வெட்கத்தோடுதான், பங்குனி உத்திரக் கூட்டம் ஓய்ந்து கோடை சீசன் கூட்டம் ஏறுவதற்கு முன், வீட்டுக்காரியைக் கூட்டிக்கொண்டு மலை முருகன்களைப் பார்க்கக் கிளம்பினேன். அரசுப் பேருந்துதான். சொந்த வண்டியில் கொடைக்கானல் வருகிறவர்கள் வாங்க வேண்டிய இ-பாஸ் தொல்லையும் இல்லை.

தாண்டிக்குடியில் அதிக நேரம் நிற்கவில்லை. பாலமுருகன் இங்கிருந்துதான் பழனிக்குத் தாண்டிக் குதித்தான், அதனால்தான் இந்தப் பெயர் என்று ஊரில் சொல்வார்கள். இந்தப் பக்கத்துக் காட்டில் நாலு பலகைக் கல்லை நிறுத்தி மேலே ஒரு கல்லை மூடிய கல்திட்டைகள் இருக்கின்றன. ஆயிரக்கணக்கான வருஷத்துக்கு முன் செத்தவர்களுக்கு எழுப்பியவை. ஊர்க்காரர்கள் 'குள்ளர் வீடு' என்பார்கள். மழை வந்தால் தபால் பையை அதற்குள் வைத்துவிட்டு வாசலில் குந்தியிருப்பேன். பேரன் காட்டும் விசித்திரங்களில் ஒன்று என் பையைக் காத்தது என்று அப்போது தெரியாது.

மறுநாள் கொடைக்கானலில் குறிஞ்சி ஆண்டவர். கோயில் சின்னது. 1936-ல் கட்டியது. கட்டியவர் ஆஸ்திரேலியாவில் பிறந்த வெள்ளைக்காரப் பெண்மணி. ஆன்மிகத்தைத் தேடி வந்து, இலங்கைத் தமிழர் தலைவர் பொன்னம்பலம் இராமநாதனை மணந்து, லீலாவதி என்று பெயர் மாற்றிக்கொண்டவர். 1930-ல் கணவர் காலமானார். அதற்குப் பிறகு இந்த மலையில் குறிஞ்சிநிலத் தெய்வத்துக்குக் கோயில் எழுப்பினார். இன்று பழனி தேவஸ்தானம் நிர்வகிக்கிறது. சன்னதியில் கண்ணை மூடினால் எனக்கு அந்த பிரெஞ்சு ஆள்தான் வந்து நிற்கிறார். அவர் பார்க்காத கோயிலைச் சுவரில் கட்டினார். இந்த அம்மாள் எங்கோ பிறந்து, மலையேறி வந்து நிஜக் கோயிலே கட்டிவிட்டார். ஷெவாலைக் கிறுக்கன் என்று ஊரார் சிரித்தார்களாம். இந்த அம்மாளை நம் ஊரில் என்ன சொல்லியிருப்பார்களோ.

கோயிலுக்குப் பின்னால் நின்றால் கீழே பழனி மலை தெரியும் என்பதுதான் பெரிய கவர்ச்சி. நாங்கள் போனபோது சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி ஒரே மேகம். ஒரு குடும்பம் அந்த மேகத்துக்கே முதுகைக் காட்டி நின்று போட்டோ எடுத்துக்கொண்டது. பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருதரம் பூக்கும் குறிஞ்சியும் இல்லை. 2018-ல் பூத்தபோது வந்து பார்த்தோம், இனி 2030. அப்போது எனக்கு 73 நடக்கும். "முருகா, அதுவரைக்கும் முட்டியைக் காப்பாத்து" என்று இவள் சத்தமாகவே வேண்டிக்கொண்டாள். என் முட்டிக்கா அவள் முட்டிக்கா என்று கேட்கவில்லை.

அங்கிருந்து பூம்பாறை. 20 கிலோமீட்டர்கூட இருக்காது, ஆனால் வளைவுக்கு வளைவு இவள் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே வந்தாள். மேலே ரோட்டிலிருந்து பார்த்தால் ஊர் உள்ளங்கைக்குள் இருக்கிற மாதிரி. சுற்றிலும் படிப்படியாகப் பூண்டும் கேரட்டும் உருளையும். ஊருக்குள் நுழைந்ததும் பூண்டு வாசம் மூக்கில் ஏறியது. ஒரு வீட்டுத் திண்ணையில் எட்டிப் பார்த்தேன். தாளோடு கொத்துக் கொத்தாகக் கட்டி உத்தரத்தில் தொங்கவிட்டிருந்தார்கள். புகையேறித் தோல் பழுப்பாகியிருந்தது. அந்த வீட்டு அம்மா ஒரு பல்லை உரித்துக் கையில் வைத்தார். சின்னப் பல்தான், கடித்ததும் கண்ணில் நீர் வந்துவிட்டது. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கும் பழனி பஞ்சாமிர்தத்துக்கும் 2019-ல்தான் புவிசார் குறியீடு கிடைத்தது. பூண்டு தின்ற வாயோடு சன்னதிக்குப் போகலாமா என்று இவளுக்கு ஒரே குழப்பம். குழாயில் மூன்று தரம் கொப்பளித்த பிறகுதான் உள்ளே வந்தாள்.

குழந்தை வேலப்பர். பழனியைப் போலவே இதுவும் போகர் சித்தர் ஒன்பது பாஷாணங்களைச் சேர்த்துச் செய்த நவபாஷாணத் திருமேனி என்பது நம்பிக்கை. பெயர் வந்த கதையை அங்கே உட்கார்ந்திருந்த பெரியவர் சொன்னார். அருணகிரிநாதர் ஒரு ராத்திரி இந்தக் கோயிலில் படுத்திருக்கிறார். கொல்ல வந்தாள் ஒரு ராட்சசி. முருகன் குழந்தையாகி அவருடைய காவித் துணிக்குள் சுருண்டு படுத்துக்கொண்டான். யாரோ தாயும் பிள்ளையும் தூங்குகிறார்கள் என்று நினைத்து அவள் போய்விட்டாள். சூரனை வேலெறிந்து கொன்றவனுக்கு இங்கே ஆயுதமே தேவைப்படவில்லை, சுருண்டு படுத்ததே போதுமாக இருந்தது. இந்தக் கதை எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. இன்னொரு தரம் சொல்லச் சொல்லிக் கேட்டேன்.

தேரைப் பற்றியும் அவர்தான் சொன்னார். தை மாசத் தேரோட்டத்தில் இங்கே தேருக்கு முன்னால் மட்டுமல்ல, பின்னாலும் வடம் கட்டுவார்களாம்.

"பின்னாடி எதுக்குங்க?"

"மலையூருல்ல. இறக்கத்துல தேர் தானா உருண்டிரும். முன்னாடி இழுக்கிறது பெரிசில்லைங்க, பின்னாடி பிடிச்சு நிறுத்துறவன்தான் ஆளு."

எனக்கு அது சட்டென்று விளங்கிற்று. மலையில் ஏறும்போது மூச்சு வாங்கும், அவ்வளவுதான். பையோடு இறங்கும்போதுதான் உடம்பு முன்னால் ஓடும், கட்டைவிரல் செருப்பை முட்டும், முட்டி இரண்டும் நடுங்கும். 31 வருஷம் பின்வடம் பிடித்த முட்டி இது. வாசலில் கிடந்த நெல்லிக்காய் அளவுக் கல் ஒன்றைப் பெரியவர் பார்க்காதபோது எடுத்துக்கொண்டேன். ஒரு பக்கம் வழவழ, இன்னொரு பக்கம் சொரசொர, நடுவில் வெள்ளையாக ஒரு கோடு.

கடைசிப் பேருந்தில் கொடைக்கானல் வந்து, காலையில் மறுபடியும் குறிஞ்சி ஆண்டவர் கோயிலுக்கு ஆட்டோ பிடித்தோம். ஒரு கால்மணி நேரம் ஒன்றுமில்லை. பிறகு மேகம் கீழ்ப்பக்கமாகக் கிழிந்தது. வெகு கீழே, வயல்வெளிக்கு நடுவில், தடுக்கினால் எடுத்துப் பையில் போட்டுக்கொள்ளலாம் போல ஒரு சின்ன மேடு. பழனி. இவள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நான் சட்டைப்பைக்குள் கையை விட்டேன்.

"என்னங்க அது, நேத்திலேர்ந்து பையில கனமா?"

எடுத்துக் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என் கையிலேயே வைத்தாள்.

"பை கிழிஞ்சா நான் தைக்க மாட்டேன், சொல்லிட்டேன்."