எது 'நம்முடையது'?

குழித்துறையில் காலை ரயிலேறிக் கழக்கூட்டத்தில் இறங்கி, டெக்னோபார்க்கில் வேலை பார்த்த நாட்களில், மூன்று வாரமாக மெயினோடு சேர்க்காமல் வைத்திருந்த ஒரு கிட் கிளையை ஒரே மாலையில் ரீபேஸ் செய்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். கிட் என்பது நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கருவி; மெயின் எல்லோருக்கும் பொதுவான கிளை; ரீபேஸ் என்பது என் கிளையின் மாற்றங்களை மெயினின் இப்போதைய நிலைமேல் மறுபடி அடுக்குவது. ஊருக்குத் திரும்பும் வண்டியைப் பிடிக்கும் அவசரம் வேறு.

என் கிளையில் 17 கமிட்டுகள், அதாவது பதிவுசெய்த மாற்றங்கள், இருந்தன. ரசீதுத் தொகையை முழு ரூபாய்க்குத் திருத்தும் கோப்பில் நான்காவது கமிட்டிலேயே முரண்பாடு வந்தது; அதே வரிகள் மெயினிலும் மாறியிருந்தன. கிட் இட்ட ஏழேழு கோண அடைப்புக்குறிகளுக்கு நடுவே, ஏழு சமக்குறிகளுக்கு மேலும் கீழுமாக இரண்டு விதமான கணக்கு நின்றது. என்னுடையதுதான் சரி என்ற உறுதியில் 'அவர்ஸ்' (ours, நம்முடையது) என்று கொடுத்தேன். அடுத்தடுத்து வந்தவற்றுக்கும் அதையே கொடுத்தேன். ரீபேஸ் வெற்றி என்றே கிட் அறிவித்தது. கோப்பைத் திறந்தபோது என் கணக்கில் ஒரு வரிகூட இல்லை. அதற்குச் சோதனைகளை நான் இன்னும் எழுதியிருக்கவில்லை என்பதால், எந்தச் சிவப்பு எழுத்தும் தடுக்கவில்லை.

பக்கத்து இருக்கையில் இருந்த மூத்த சக ஊழியரிடம், "சேச்சி, எல்லாம் போய்விட்டது" என்றேன். "பேடிக்கண்டா மோனே" (பயப்படாதே மகனே) என்றவர், கிளை நின்ற இடங்களையெல்லாம் குறித்துவைக்கும் ரீஃப்ளாகைத் திறந்து, கிளையின் ரீபேஸுக்கு முந்தைய நிலைக்கு ஒரே ரீசெட்டில் திரும்பவைத்தார். கிளையிலிருந்து கழன்றுவிட்ட கமிட்டுகளை ரீஃப்ளாக் வழக்கமான அமைப்பில் 30 நாள் வரை பிடித்துவைத்திருக்கும் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

இரண்டு கிளைகளை அப்படியே இணைக்கும் மெர்ஜில் 'அவர்ஸ்' என்பது நான் நிற்கும் கிளை. ரீபேஸோ முதலில் மெயினின் நுனிக்குப் போய் நின்றுகொண்டு, என் கமிட்டுகளை ஒவ்வொன்றாக அங்கே எடுத்துவந்து பொருத்துகிறது. ஆகவே அதற்கு மெயின்தான் 'அவர்ஸ்', நான் எழுதியது 'தெயர்ஸ்' (theirs, அவர்களுடையது). களியக்காவிளைக்காரனான எனக்கு இது உடனே விளங்கியிருக்க வேண்டும். எல்லை தாண்டிக் கேரளத்தின் பாறசாலையில் இறங்கி நின்றால் எங்கள் ஊரே 'அந்தப் பக்கம்' ஆகிவிடுகிறதே.

அதன்பின் தினமும் காலையில், வேறெதையும் தொடுமுன், மெயினின் புது மாற்றங்களை இறக்கி (ஃபெட்ச்) ரீபேஸ் செய்யத் தொடங்கினேன். முரண்பட்டால் மூன்று வரி, நான்கு வரி. மாற்றியவருக்கும் ஏன் மாற்றினோம் என்பது நினைவிருக்கும். ஒருமுறை தீர்த்த முரண்பாட்டை நினைவில் வைத்துத் தானே தீர்க்கும் ரெரெரே அமைப்பையும் இயக்கிவைத்தேன். அதை முழுக்க நம்பலாகாது. தவறாகத் தீர்த்ததையும் அது அப்படியே நினைவில் வைத்துக்கொள்ளும்.

பாலக்காட்டிலிருந்து வந்த ஒரு புதியவர் என் கிளையில் சேர்ந்து வேலை செய்யத் தொடங்கியதும் ரீபேஸை நிறுத்திவிட்டு மெர்ஜுக்கு மாறினேன். ஒவ்வொரு ரீபேஸும் கமிட்டுகளுக்குப் புது அடையாள எண்களைக் கொடுத்துவிடுவதால், பழைய எண்களின் மேல் அவர் எழுதியவை அந்தரத்தில் நின்றிருக்கும். மெர்ஜில் 'அவர்ஸ்' மறுபடியும் என் கிளையையே குறிக்கிறது. அந்தச் சொல்லைத் தட்டுமுன் கை தானாக நிற்கிறது. ரீபேஸ் நடக்கிறதா, மெர்ஜா என்று கிட் ஸ்டேட்டஸின் முதல் வரிகளைப் படித்த பிறகே தொடர்கிறேன்.