கயிறு தேறியது, சின்னம் இன்னும் தேறவில்லை

கறுப்பு, வெள்ளை, சிவப்பு நூல் முறுக்கிய அந்தப் பிரஷ்ய ஷூட்சென்ஷ்னூர், அதாவது நன்றாகச் சுடும் படைவீரருக்குத் தரும் தோள்கயிறு, அசல்தான். முடிவு செய்துவிட்டேன். இவ்வளவு நாள் இழுத்ததற்குக் காரணம் கயிறு அல்ல, அதன் தோள்முனையில் ஓடிய ஒரு தையல் நூல். அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

அடிப்படைகள் உங்களுக்குத் தெரியும். 1894-இல் ஜெர்மன் கெய்சர் (பேரரசர்) இரண்டாம் வில்ஹெம் கொண்டுவந்தது, வலது தோளில் அணிவது, பரிசின் படி உயர உயர ஓக் கொட்டை வடிவக் குஞ்சம் சேரும், கனரகப் பீரங்கிப் படைக்குக் கொட்டைக்குப் பதில் குண்டு. பின்னால் வந்தவற்றோடு குழப்பிக்கொள்ள வாய்ப்பு குறைவு. 1936-இல் வந்த வேர்மாக்ட் (ஹிட்லர் காலத்து ஜெர்மன் படை) கயிறு அலுமினிய இழையில் செய்தது, மேலே கழுகுக் கேடயம் இருக்கும். இன்றைய ஜெர்மன் படையான பூண்டெஸ்வேர் 1965 முதல் தருவது வெள்ளிச்சாம்பல் நிறம், பதக்கத்தோடு வரும். நம் தலைவலி இவை எதுவும் இல்லை. பழைய சீருடை அணிந்து போர்க்காட்சி நடத்துகிறவர்களுக்காக இன்று முறுக்கப்படும் நகல்கள்தான். அவற்றை விற்பவர் நகல் என்று சொல்லியே விற்றாலும், நாலு கை மாறிய பிறகு அந்தச் சொல் காணாமல் போய்விடுகிறது.

முதலில் நிறம். முறுக்கைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்தேன். வெளியே செங்கல் நிறத்துக்கு வெளுத்த சிவப்பு, முறுக்கின் உள்ளே வெயில் படாத இடத்தில் இன்னும் அடர்த்தியாக இருக்கிறது. தேயிலைத் தண்ணீரில் ஊறவைத்துப் பழசாக்கியதில் இப்படி வராது. பழுப்பு உள்ளேயும் வெளியேயும் ஒரே மாதிரி இறங்கியிருக்கும்.

அடுத்தது நெருப்பு. முனையில் தானாக உதிர்ந்து நின்ற ஒரு இழையை மட்டும் இடுக்கியில் பிடித்துக் காட்டினேன். தலைமுடி கருகும் வாடை, விரலில் தேய்த்தால் பொடியாகும் சாம்பல். கம்பளி. பாலியெஸ்டராக இருந்தால் உருகிச் சுருண்டு கெட்டியான மணியாக நின்றிருக்கும். ஆனால் நல்ல நகல்காரர்களும் கம்பளியில்தான் செய்கிறார்கள் என்பதால் இதை மட்டும் வைத்து முடிவுக்கு வர முடியாது.

இனி டார்ச். இதில் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. ரூபாய் நோட்டு, யூரோ நோட்டு சரிபார்க்கவென்று விற்கும் மலிவான யூவி டார்ச்சுகள் பெரும்பாலும் 395 நானோமீட்டர். அதிலிருந்து கண்ணுக்கே தெரியும் ஊதா வெளிச்சம் கொட்டும். வெள்ளை நூல் எதுவானாலும் அந்த ஊதாவை அப்படியே திருப்பி அனுப்பும், நாம் அது ஒளிர்கிறது என்று நினைத்துக்கொள்வோம். இந்த ஒரு காரணத்தால் நல்ல பொருள்கள் எத்தனை ஓரம் கட்டப்பட்டிருக்கும் என்று நினைத்தால் எரிச்சலாக வருகிறது. வாங்கினால் 365 நானோமீட்டர் வாங்குங்கள், அதுவும் முன்னால் கறுப்பு வடிகட்டிக் கண்ணாடி உள்ளது. அறையை நன்றாக இருட்டாக்குங்கள், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போடுங்கள். பக்கத்தில் ஒப்பிட இரண்டு துண்டு வையுங்கள்: இன்றைய வெள்ளைத் தையல் நூல் ஒன்று, சாயமோ வெளுப்போ ஏறாத கம்பளி ஒன்று. கம்பளி முழு இருட்டாக இருக்காது, மங்கலான ஒரு வெளிச்சம் இயல்பாகவே வரும். தேடவேண்டியது அதை அல்ல, பளீரென்ற நீல வெள்ளையை. துணியை வெள்ளையாகக் காட்டச் சேர்க்கும் ஆப்டிகல் பிரைட்னர் தரும் வெளிச்சம் அது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான் அது நூலிலும் சலவைத்தூளிலும் பரவலானது. கெய்சர் காலத்து நூலில் அதற்கு வேலையே இல்லை.

என் கயிற்றின் வெள்ளை இழைகள் பழுத்த மஞ்சளாக மங்கிக் கிடந்தன. சரி, நல்லது. டார்ச்சைத் தோள்முனைக்குக் கொண்டுபோனேன். அங்கே தையல் நூல் மட்டும் நீலமாக எரிந்தது. கயிறு இருட்டு, தையல் பளீர். பழைய கம்பளி நூலை எடுத்து இன்று தைத்த நகலிலும் இதே காட்சிதான் தெரியும் என்பதால் வயிறு கலங்கிவிட்டது.

கயிறு எப்போதாவது துவைக்கப்பட்டிருந்தால்? சலவைத்தூளில் உள்ள பிரைட்னர் அசலையும் ஒளிரவைக்கும். ஆனால் அப்படி இருந்தால் கயிறு முழுக்கத் திட்டுத் திட்டாக ஒளிர்ந்திருக்க வேண்டும், தையல் மட்டும் அல்ல. அதனால் பத்து மடங்கு லென்ஸை எடுத்துத் தையல் துளைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். விடை அங்கே இருந்தது. நீல நூல் போகும் துளைகளுக்குப் பக்கத்தில் இன்னொரு வரிசைத் துளைகள், சீரான இடைவெளியில், ஓரம் அழுக்கேறி. அவற்றில் இரண்டொன்றில் அறுந்துபோன பழுப்பு நூலின் முளை இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. அந்த முளை டார்ச்சில் ஒளிரவில்லை. அதாவது பழைய தையல் இற்றுப்போய், பிற்காலத்தில் யாரோ கையில் கிடைத்த நூலால் அவசரத் தையல் போட்டிருக்கிறார்கள். நகல் செய்கிறவன் முதலில் ஒரு தையல் போட்டு, அதை இற்றுப்போக விட்டு, மேலே இன்னொன்று போடமாட்டான்.

ஓக் கொட்டையும் கைகொடுத்தது. ஒன்றில் அந்துப்பூச்சி அரித்த ஓட்டை, உள்ளே மரக்கட்டை தெரிகிறது. மரத்தின் மேல் நூலைச் சுற்றிக் குஞ்சம் கட்டுவது ஜெர்மனியில் பழைய தொழில். எர்ட்ஸ்கெபிர்கெ மலையிலுள்ள அன்னாபெர்க் அதற்குப் பேர்போன ஊர். நான் கையிலெடுத்த நகல்களில் உள்ளே பிளாஸ்டிக் உருண்டைதான். கையில் உருட்டினாலே கனம் வேறு.

வாங்குவது பற்றி ஒரு வார்த்தை. பெர்லினில் 17 ஜூன் தெருவில் வார இறுதியில் கூடும் பழம்பொருள் சந்தை எனக்குப் பிடிக்கும், காரணம் பொருளைக் கையில் எடுத்துப் பார்க்க விடுகிறார்கள். இணைய ஏலத்தில் கயிற்றின் பின்பக்கத்தைப் படமெடுத்துப் போடாதவரிடம் நான் வாங்குவதில்லை, கேட்டும் அனுப்பாவிட்டால் அதுவே பதில். பழைய ஸ்டுடியோ படத்தோடு சேர்த்து விற்றால், படத்தில் சீருடையின் பொத்தான் வரிசையைப் பாருங்கள். ஸ்கேன் இடம் வலம் மாறியிருந்தால் கயிறு இடது தோளில் இருப்பதுபோல் தெரியும். ‘அபூர்வம், இடது தோள்’ என்று அதற்குக் கூடுதல் விலை கேட்டதையும் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது கெய்சர் பரிசுச் சின்னம். 1895 முதல், ஒவ்வொரு கோரிலும் (பெரும்படைப் பிரிவு) சுடுவதில் முதலிடம் பிடித்த கம்பெனியின் (சிறு படைக்குழு) ஆட்கள் வலது மேற்கையில் அணிந்தது. என்னிடம் இருப்பது பித்தளை: இலை வளையம், நடுவில் குறுக்கே இரண்டு துப்பாக்கி, மேலே கிரீடம். மெல்லிய தகட்டில் அச்சடித்தது, முன்பக்க மேடு பின்பக்கத்தில் பள்ளமாக அப்படியே தெரிகிறது. லென்ஸில் காற்றுக்குமிழித் துளை இல்லை, ஓரத்தில் வார்ப்புக் கோடு இல்லை. இலைகளின் நரம்புகள் கூர்மையாக நிற்கின்றன. ஆக வார்ப்பு இல்லை, அதுவரை நிம்மதி. வார்த்த நகலாக இருந்தால் உலோகம் ஆறும்போது சுருங்கி, அசலைவிட ஒரு துளி சிறியதாக வந்திருக்கும்.

இடறுவது பின்பக்க வளையங்கள். பற்றவைத்த இடம் மட்டும் பளபளக்கிறது. மற்ற இடுக்குகளில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கும்போது அங்கே மட்டும் ஏன் இல்லை? வளையம் ஒடிந்து மறுபடி பற்றவைத்த அசலாகவும் இருக்கலாம், புது அச்சில் அடித்து அமோனியா ஆவியில் களிம்பேற்றிய நகலாகவும் இருக்கலாம். களிம்பை மரக்குச்சியால் லேசாகச் சுரண்டிப் பார்த்தேன், அசையவில்லை. ரசாயனத்தில் அவசரமாக ஏற்றியது பெரும்பாலும் பொடியாக உதிரும். இது சாதகம்தான், ஆனால் போதாது. நம்பகமான ஒரு அசலோடு வெர்னியரில் அளந்து ஒப்பிடும்வரை இதைப் பெட்டியில் தனியாகத்தான் வைக்கப்போகிறேன். ராஷ்டாட் கோட்டை அரண்மனையில் உள்ள போர் வரலாற்று அருங்காட்சியகத்துக்குப் போய்க் கண்ணாடிக்குள் ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கும் திட்டம் இருக்கிறது.

அதற்கு நடுவே பவேரியா பக்கம் மனது இழுக்கிறது. பிரஷ்யப் படை ஆவணங்களில் பெரும்பகுதி 1945 ஏப்ரலில் போட்ஸ்டாம் குண்டுவீச்சில் எரிந்துபோனது. பெயர் கிடைத்தாலும் ஆளைத் தேட வழி குறைவு. பவேரியப் படையின் ஆட்பட்டியல்கள் மியூனிக் போர் ஆவணக் காப்பகத்தில் தப்பித்திருக்கின்றன. பெயரெழுதிய படைக் கையேட்டோடு ஒரு பவேரியக் கயிறு கிடைத்தால் அணிந்தவன் யார் என்பதுவரை போகலாம். அதற்காகவே குர்ரெண்ட் என்னும் பழைய ஜெர்மன் கையெழுத்து படிக்கப் பழகி வருகிறேன், அதில் சிறிய ‘e’யும் ‘n’னும் இன்னும் ஒன்றுபோலவே தெரிகின்றன. யாரிடமாவது கெய்சர் பரிசுச் சின்னத்தின் அசல் இருந்தால், உயரம், அகலம், எடை மூன்றையும் அளந்து சொல்லுங்கள். பின்பக்கப் படம் ஒன்றும் சேர்த்து அனுப்பினால் பெரிய உதவி.