உப்பு, தறி, பனை, வெள்ளாவி: தொழில் நாவல்களை வாசித்து வருகிறோம்

பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நான்கு பேர் உட்கார்ந்து ஒரு முடிவுக்கு வந்தோம். இந்த ஆண்டு ஏதாவது ஒரு தொழிலையும் அதைச் செய்யும் மக்களையும் பற்றிய தமிழ் நாவல்களை மட்டும் வாசிப்பது, மாதம் ஒன்று. கூடவே ஒரு நிபந்தனை: அந்தத் தொழில் தெரிந்த ஒருவரிடம் நம் சந்தேகங்களைக் கேட்ட பிறகுதான் புத்தகம் முடிந்ததாகக் கணக்கு. இப்போது ஆடி மாதம். நான்கு நாவல்கள் முடிந்திருக்கின்றன, ஐந்தாவது பாதியில் நிற்கிறது.

முதலில் எடுத்தது ராஜம் கிருஷ்ணனின் ‘கரிப்பு மணிகள்’. 1979இல் வந்த நாவல், தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களைப் பற்றியது. 2009இல் அவருடைய எழுத்துகள் நாட்டுடைமை ஆகிவிட்டதால் இணையத்திலேயே கிடைக்கிறது. முதல் முறை கைபேசியில் வேகமாகப் படித்தேன். பாதிப் பேச்சு பிடிபடவில்லை. அளம், பாத்தி, வாருபலகை என்று வரும் இடங்களைக் குத்துமதிப்பாகத் தாண்டிப் போனேன். நாற்பது பக்கத்தோடு மூடியும் வைத்துவிட்டேன்.

எங்கள் மதுரைத் தெருவில் மாவு அரைத்து விற்கும் அக்கா தூத்துக்குடிப் பக்கம். கல்யாணத்துக்கு முன்பு ஆறு வருடம் உப்பளத்தில் வேலை பார்த்தவர். கிரைண்டர் ஓடாத மதிய நேரமாகப் பார்த்துப் போய், “வாருபலகைன்னா என்னக்கா?” என்று கேட்டேன்.

“நீளக் கம்புல பலகைய அடிச்சிருக்கும் தம்பி. பாத்தியில உப்பு அடியில உறைஞ்சு கெடக்கும்லா, அத ஒடச்சு வரப்புக்கு இழுக்கது. ஒரு நாள் இழுத்துப் பாத்தாத் தெரியும், தோள்பட்டை கழண்டுபோவும்.”

அவருக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். அதனால் நான் வாய்விட்டு வாசிக்க, அவர் கேட்டார். அப்போதுதான் எனக்கே நாவல் திறந்தது. கண்ணால் படிக்கும்போது தடுக்கிய பேச்சு காதில் விழும்போது சரளமாகப் புரிகிறது. வட்டார வழக்கு நாவல் கடினம் என்று ஒதுக்கி வைத்திருப்பவர்கள் தயவுசெய்து பத்துப் பக்கம் சத்தமாக வாசித்துப் பாருங்கள்.

இரண்டாவது வாரம் அக்கா குரலைத் தாழ்த்தி, “அளத்துல பொம்பளையளுக்கு நடக்க தொந்தரவெல்லாம் இதுல எழுதியிருக்காவளா?” என்று கேட்டார். எழுதியிருக்கிறார் என்றேன். நாவலின் நாயகி பொன்னாச்சிக்கு நேர்வதை வாசிக்க எனக்குத் தயக்கமாக இருந்தது. “வாசிங்க” என்றார். வாசித்து முடித்ததும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அப்ப அவுக நெசமாவே வந்து பாத்திருக்காவ” என்றார். ராஜம் கிருஷ்ணன் எழுதப்போகும் இடத்துக்கே நேரில் போய், அந்த மக்களோடு பழகிவிட்டு எழுதியவர். இந்த ஒரு வரியை அவர் கேட்டிருக்க வேண்டும் என்று தோன்றியது.

அடுத்தது எம்.வி. வெங்கட்ராமின் ‘வேள்வித் தீ’, கும்பகோணத்துச் சௌராஷ்டிர நெசவாளர்களின் கதை. எங்கள் நால்வரில் ஒருவர் சௌராஷ்டிரக் குடும்பம், அவருடைய அப்பா தறியில் உட்கார்ந்தவர். பாவு (நீளவாட்டு நூல்) எது, ஊடை (குறுக்கு நூல்) எது என்பதை வீட்டுக் கட்டில் கயிற்றைக் காட்டியே புரியவைத்துவிட்டார். நாவலில் எனக்குப் பிடித்தது நாயகன் கண்ணன் உழைத்து மேலே வரும் முற்பகுதி. பிற்பகுதி ஒரு குடும்பத்துக்குள்ளேயே சுருங்கிவிடுகிறது என்பது என் எண்ணம். மற்ற மூவரும் அதை ஒத்துக்கொள்ளவில்லை. கண்ணனின் மனைவி கௌசலைக்காகவே அந்தப் பிற்பகுதியை இரண்டாம் முறை படித்ததாக எங்கள் குழுவில் இருக்கும் ஆசிரியை சொன்னார்.

ஹெப்சிபா ஜேசுதாசனின் ‘புத்தம் வீடு’ (1964) சிறிய புத்தகம், இரண்டு நாளில் முடிந்தது. குமரி மாவட்டத்துப் பனங்காட்டு ஊர், நொடித்துப்போன பழைய வீடு, அந்த வீட்டுப் பெண் லிஸிக்கும் பனையேறியின் மகன் தங்கராஜுக்கும் இடையே துளிர்க்கும் அன்பு. பதநீரை அங்கே அக்கானி என்பார்கள். மார்த்தாண்டம் பக்கத்து நண்பர் ஒருவர் தொலைபேசியிலேயே பாளை சீவுவதையும் கலயம் கட்டுவதையும் விளக்கிவிட்டு, காலையும் மாலையும் ஒவ்வொரு மரத்திலும் ஏறி இறங்க வேண்டும் என்றார். இந்த வரிசையில் எதிலிருந்து தொடங்குவது என்று கேட்டால் நான் இதைத்தான் கையில் கொடுப்பேன். அவ்வளவு குறைவான சொற்களில் அவ்வளவு பெரிய வாழ்க்கை.

நான்காவதில் எங்கள் நிபந்தனை உடைந்தது. இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’, 1994இல் வந்தது. தலித் குடியிருப்புக்குத் துணி வெளுக்கும் ஆரோக்கியம், அவள் கணவன் சவுரி, அவர்கள் பிள்ளைகள். இரவில் வீடு வீடாகப் போய் ராச்சோறு எடுத்தால்தான் வயிறு நிறையும். ஒடுக்கப்பட்டவர்களுக்குள்ளேயே இருக்கும் அடுக்கைச் சொன்னதற்காக வெளிவந்த காலத்தில் பெரிய விவாதம் நடந்த நாவல் இது. நான் மூன்று இரவுகளில் படித்தேன். மகள் மேரிக்கு நேரும் கொடுமைக்குப் பிறகு அன்றைக்கு மேலே படிக்க முடியவில்லை, புத்தகத்தை வைத்துவிட்டு மாடியில் நடந்துகொண்டிருந்தேன்.

யாரிடம் கேட்பது? தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருக்கும் அண்ணன் இருக்கிறார். துணியோடு போய் நின்றேன். வெள்ளாவி வைப்பதைப் பற்றி மட்டும் கேட்டேன். உவர்மண் கரைசலில் துணியை முக்கி, அடுக்கி, இரவு முழுக்க ஆவியில் வேகவைப்பதைத் தன் தாத்தா செய்யும்போது பார்த்திருப்பதாகச் சொன்னார். “இப்பல்லாம் யாரு சார் வைக்கிறா” என்றார். ராச்சோறு பற்றிக் கேட்கவில்லை. ஒருவர் குடும்பம் மறக்க நினைப்பதை என் வாசிப்புக்காகக் கிளற எனக்கு உரிமை இல்லை. அடுத்த ஞாயிறு இதைச் சொன்னபோது மூவரும் சரி என்றார்கள். தொழிலைக் கேட்கலாம், காயத்தைக் கேட்பதில்லை என்று நிபந்தனையைத் திருத்திக்கொண்டோம்.

தொழில் சொற்களுக்காக ஒரு நோட்டு போட்டிருக்கிறேன். இன்றைய தேதிக்கு 112 சொற்கள். எதிரே பொருளும், யார் சொன்னார்கள் என்பதும். அக்கா சொன்னவையே 37.

இப்போது கையில் இருப்பது ஜோ டி குரூஸின் ‘ஆழி சூழ் உலகு’ (2004). கனமான புத்தகம், ஆமந்துறைப் பரதவர்களின் மூன்று தலைமுறை. கட்டுமரம் உடைந்து கடலில் தத்தளிக்கும் கோத்ரா, சூசை, சிலுவை மூவரையும் விட்டுவிட்டு, கதை ஊருக்குத் திரும்பிப் பல ஆண்டுகளைச் சொல்லிவிட்டு, மறுபடி அவர்களிடம் வருகிறது. ஒவ்வொரு முறையும் அவர்கள் இன்னும் மிதக்கிறார்களா என்று பதறிக்கொண்டே பக்கத்தைத் திருப்புகிறேன். இதையும் வாய்விட்டுத்தான் வாசிக்கிறேன். அக்காவின் சித்தப்பா கடலுக்குப் போனவராம், வாடை, கச்சான், கொண்டல் என்று காற்றின் பெயர்களை நான் வாசிப்பதற்கு முன்பே அக்கா சொல்லிவிடுகிறார்.

அடுத்து இரண்டு புத்தகங்கள் வரிசையில் நிற்கின்றன. திண்டுக்கல் தோல் தொழிலாளர்களைப் பற்றிய டி. செல்வராஜின் ‘தோல்’, 2012இல் சாகித்ய அகாதெமி விருது பெற்றது. இன்னொன்று ‘எரியும் பனிக்காடு’. வால்பாறைத் தேயிலைத் தோட்டத்தில் மருத்துவராக இருந்த பி.எச். டேனியல் ஆங்கிலத்தில் எழுதியதை இரா. முருகவேள் தமிழாக்கினார். முன்பணம் கொடுத்து ஆள் பிடித்துப்போகும் கங்காணிகளின் காலம். தேயிலைக்காட்டில் வேலை பார்த்த ஒரு பாட்டியை ஆசிரியை ஏற்கெனவே தேடிப் பிடித்துவிட்டார்.

கல்குவாரி, மண்பாண்டம், தீப்பெட்டி பற்றி நல்ல நாவல் படித்தவர்கள் இருந்தால் பெயரைச் சொல்லுங்கள். கார்த்திகைக்குள் இன்னும் மூன்று படித்துவிடலாம் என்று இருக்கிறோம்.