கை ஓடும்போது பக்கத்தில் ஒருவர் எழுதட்டும்: படைப்புவழி முனைவர் ஆய்வில் கூட்டாகக் கடக்கும் வழி

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கம் இருந்துகொண்டு ஓவியம், சிற்பம், நெசவு, மட்பாண்டம் என ஏதோ ஒரு கைவேலையை வைத்தே முனைவர் பட்ட ஆய்வு செய்பவர்கள் நாங்கள். ஆளுக்கொரு பல்கலைக்கழகம், ஆளுக்கொரு நெறியாளர். மாதம் ஒருமுறை யாராவது ஒருவரின் பட்டறையில் கூடுகிறோம். இந்தக் கூடுகையை எப்படி நடத்துகிறோம், எங்கே சறுக்கும் என்பதை இதே வேலையில் இறங்குபவர்களுக்காக எழுதுகிறோம்.

படைப்பை மட்டும் கொண்டுபோய் வைத்தால் ஆய்வு ஆகிவிடாது. வேலையின் நடுவே எடுத்த முடிவுகள், அதற்கான காரணம், பாதியில் விட்ட வழிகள் எல்லாம் அடுத்தவர் படித்துச் சோதிக்கும்படி எழுத்தில் வர வேண்டும். பலரும் மாட்டிக்கொள்வது இங்கேதான். கை ஓடும்போது எழுத முடியாது. மாதக் கணக்கில் கழித்து உட்கார்ந்து எழுதினால், எல்லாமே முன்கூட்டித் திட்டமிட்டுச் செய்ததுபோல் கதை நேராகிவிடும். தேர்வாளர் தேடும் தடுமாற்றங்கள் அதில் காணாமல் போயிருக்கும். அதனால் ஒருவர் வேலை செய்ய, இன்னொருவர் பக்கத்தில் உட்கார்ந்து எழுதுவதையே எங்கள் ஏற்பாட்டின் அச்சாணியாக வைத்திருக்கிறோம்.

காரைக்குடி பக்கத்து ஆத்தங்குடியில் கையால் செய்யும் தரை ஓடான ஆத்தங்குடி டைல்ஸை எடுத்துக்கொள்வோம். சட்டத்துக்குள் கண்ணாடித் தகடு, அதன்மேல் உலோக அச்சு. சிமென்ட்டும் ஆக்ஸைடு நிறமும் கலந்த குழம்பை அச்சின் ஒவ்வொரு அறையிலும் ஊற்றுவார்கள். அச்சைத் தூக்கியதும் உலர்ந்த மணல்-சிமென்ட் கலவையைத் தூவி ஈரத்தை இழுக்கவிட்டு, மேலே ஈரக் கலவையைப் போட்டு மட்டம் செய்வார்கள். இறுகியபின் தண்ணீர்த் தொட்டியில் ஊறும். பிறகு வெயில். ஆய்வாளர் கண்வைக்க வேண்டிய இடம் அச்சைத் தூக்கும் சில நொடிகள்தான். குழம்பு நீர்த்திருந்தால் நிறங்கள் ஒன்றுக்குள் ஒன்று ஓடிவிடும். கெட்டியாக இருந்தால் அறையின் மூலைவரை போய்ச் சேராது. குழம்பின் பதத்தை எப்படித் தெரிந்துகொண்டீர்கள் என்று செய்தவரைக் கேட்டால் ‘கைக்குத் தெரியும்’ என்பதோடு பேச்சு முடிந்துவிடும். பக்கத்தில் இருப்பவர் தாளில் இப்படி எழுதியிருப்பார்: “10.20. கரண்டியைச் சாய்த்தார். முதல் சொட்டு உடனே விழுந்தது, இரண்டாவது தயங்கியது. தண்ணீர்ச் சொம்பைத் தொட்டார், ஊற்றவில்லை.” ஆய்வேட்டில் ஓர் அத்தியாயத்தையே தாங்கக்கூடிய தரவு இது. அன்று மாலையே, ‘தொட்டும் ஏன் ஊற்றவில்லை?’ என்று கேட்டுப் பதிலையும் சேர்த்துவிட வேண்டும். மறுநாளுக்குத் தள்ளினால் பதில் மாறிவிடும்.

எழுதுபவருக்குச் சில கட்டுப்பாடுகள் உண்டு. வேலை நடக்கும்போது வாய் திறக்கக் கூடாது. எல்லாவற்றையும் எழுதக் கூடாது. கை நின்ற இடம், அளவு மாறிய இடம், கருவி மாற்றிய இடம், செய்பவர் தனக்குள் முணுமுணுத்த சொல் ஆகிய நான்கு மட்டும் போதும். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஒருவரே எழுதினால் கவனம் தளரும், ஆளை மாற்ற வேண்டும். அதே துறைக்காரர் எழுதாமல் இருப்பது நல்லது. நெசவுக்காரரின் தறியருகே இன்னொரு நெசவுக்காரரை உட்கார வைத்தால், அவருக்குப் பழகிப்போனதெல்லாம் கண்ணில் படாது. ஓவியரை உட்கார வைத்தால் எல்லாமே புதிதாகத் தெரியும். எழுதுவதற்கு, கடைகளில் விற்கும் கார்பன் வைத்த பில் புத்தகமே எங்களுக்குச் சரியாக வருகிறது. வரிசை எண் அச்சிட்ட தாள், மூலம் ஆய்வாளருக்கு, நகல் எழுதியவரிடம். பின்னால் ஒரு வரியைக்கூட யாரும் அழகுபடுத்த முடியாது.

படங்களில் வரும் சிக்கல் பெரும்பாலும் வாட்ஸ்அப்தான். சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கும், எடுத்த நேரமும் தேதியும் கோப்பிலிருந்து போய்விடும். டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு படமாவது ஒரே கோணத்தில், அளவுகோலும் நிற அட்டையும் பக்கத்தில் இருக்கும்படி வேண்டும். கோப்பின் பெயரில் முதலில் ஆண்டு, அடுத்து மாதம், நாள் என்று வைத்தால் கணினி தானே வரிசைப்படுத்தும். பிரதிகள் மூன்று. அதில் ஒன்று வேறொரு தோழரின் வீட்டில் இருக்கட்டும்.

இனி மாதக் கூடுகை. ஒரு அமர்வில் இரண்டு படைப்புகளுக்கு மேல் எடுப்பதில்லை. முடிந்த படைப்பைவிட முடியாத படைப்பே நல்லது. ஈரம் காயாத வேலையைப் பற்றித்தான் நேர்மையாகப் பேச முடிகிறது. அமெரிக்க நடனக் கலைஞர் லிஸ் லெர்மன் உருவாக்கிய நான்கு படி முறையைக் கொஞ்சம் மாற்றிப் பயன்படுத்துகிறோம். முதல் பத்து நிமிடம் பேச்சில்லாமல் பார்ப்பது, பார்த்ததைத் தாளில் எழுதுவது. இது நாங்கள் சேர்த்தது. பிறகு முதல் படியாக, பார்த்தவர்கள் அவரவருக்கு எது பொருள்பட்டது, எது நெஞ்சில் நின்றது என்று சொல்வது. இரண்டாவதாகப் படைத்தவர் தன் கேள்வியைக் கேட்பது. மூன்றாவதாகப் பார்த்தவர்கள், கருத்து ஒளிந்திராத கேள்விகளைக் கேட்பது. கடைசியாக, ‘இந்த நிறத்தைப் பற்றி ஒரு கருத்து இருக்கு, சொல்லலாமா?’ என்று அனுமதி வாங்கிச் சொல்வது.

மூன்றாம் படியில்தான் எப்போதும் இடறும். ‘ஏன் நீலத்தை இவ்வளவு அடிச்சிருக்கீங்க?’ என்பது கேள்வி உடுப்புப் போட்ட தீர்ப்பு. ‘நீலத்தின் அளவை எதை வைத்து முடிவு பண்ணீங்க?’ என்று கேட்டால் படைத்தவர் யோசிக்க ஆரம்பிப்பார். படைத்தவர் ஆரம்பத்திலேயே விளக்கம் கொடுத்துவிட்டால் அன்றைய அமர்வு வீண். அப்புறம் எல்லோரும் படைப்பை விட்டுவிட்டு விளக்கத்தைப் பார்ப்பார்கள். ‘நல்லா இருக்கு’ என்பதைத் தேநீர் நேரத்துக்கு ஒதுக்கிவிடலாம். அன்பாகச் சொல்வதுதான், ஆனால் ஆய்வேட்டில் அதை எங்கும் வைக்க முடியாது.

அத்தியாயங்களை வாசிப்பது எளிது. ஒருமுறைக்கு 1,500 சொல்லுக்குள், கூடுகைக்கு நான்கு நாள் முன்பாக அனுப்பிவிட வேண்டும். வாசிப்பவர் வழி தவறிய இடத்தை மட்டும் குறித்தால் போதும், மொழியைத் திருத்த வேண்டாம்.

கைவினைஞர்களோடு சேர்ந்து செய்பவர்கள் ஒப்புதலை வேலை தொடங்குமுன் தமிழில் எழுதி, வாசித்துக் காட்டி வாங்க வேண்டும். கேமராவுக்காக வேலையை நிறுத்தி நிறுத்திச் செய்யச் சொன்னால் அவருக்கு அன்றைய உற்பத்தி குறையும். அந்தக் கூலியை ஆய்வாளர்தான் தர வேண்டும், இதில் எங்களுக்குள் இரண்டாம் பேச்சில்லை. ஓலைக் கொட்டான் முடையும் ஆச்சி ஒரு பின்னலைத் தானே மாற்றிக் காட்டினால் அந்தக் கண்டுபிடிப்பு அவருடையது. அவர் விரும்பினால் பெயரோடு, அத்தியாயத்தின் உள்ளேயே அது வர வேண்டும். நன்றியுரையில் ஒரு வரி போட்டு முடிக்கும் விஷயம் இல்லை.

விதிமுறைகளைச் சேர்ந்து வாசித்தது பெரிய உதவி. யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2022 விதிகளின்படி முனைவர் பட்டத்துக்குப் பாடநெறியையும் சேர்த்துக் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 6 ஆண்டு. ஒவ்வொரு செமஸ்டரிலும் ஆய்வு ஆலோசனைக் குழு முன் நிற்க வேண்டும். அதற்கு முந்தைய கூடுகையை ஒத்திகையாக மாற்றிவிடுகிறோம். ஆய்வேட்டை நெறியாளரோடு குறைந்தது இரண்டு வெளித் தேர்வாளர்கள் மதிப்பிடுவார்கள். சமர்ப்பித்ததிலிருந்து வாய்மொழித் தேர்வு முடிவுவரை ஆறு மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்கிறது விதி. படைப்புவழி ஆய்வுக்கு இந்த ஆறு மாதம்தான் கண்டம். தேர்வாளர் முதலில் காகிதத்தைப் பார்க்கிறார், படைப்பை எப்போது பார்ப்பார் என்று தெரியாது. படைப்பும் மதிப்பீட்டில் சேருமா, எங்கே, எத்தனை நாள் வைக்கலாம் என்பதைப் பதிவு செய்த முதல் ஆண்டிலேயே பல்கலைக்கழகத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

செட்டிநாட்டு வீட்டில் காட்சி வைப்பவர்களுக்கு இந்தக் கெடு இன்னும் நெருக்கும். வீடு பல பங்காளிகளுக்குப் பொது. ஒருவர் சரி சொன்னால் போதாது. திருக்கார்த்திகையிலிருந்து 21-ஆம் நாள் வரும் நகரத்தாரின் பிள்ளையார் நோன்பு சமயத்தில் வெளியூரில் இருக்கும் பங்காளிகள் சிலராவது ஊரில் இருப்பார்கள், கையெழுத்து வாங்க அது நல்ல நேரம். கல்யாணம், அறுபதாம் கல்யாணம் நடக்கும் மாதங்களில் வீடு கிடைக்காது. ஆடி மாதம் பார்க்கலாம். முட்டை வெள்ளைக்கரு சேர்த்து மெருகேற்றிய சுண்ணாம்புப் பூச்சில் ஆணி அடிக்கக் கூடாது, டேப் ஒட்டினாலும் மேல்பூச்சு உரிந்து வரும். தனியாக நிற்கும் மரச் சட்டங்கள் செய்து, காலடியில் கம்பளித் துண்டு ஒட்டித் தரையில் நிறுத்துங்கள். வளவில், அதாவது வீட்டின் நடு முற்றத்தில், வெளிச்சம் மணிக்கு மணி மாறும். பார்வை நேரத்தை அதற்கேற்ப முடிவு செய்யுங்கள்.

காட்சியைப் பிரிக்குமுன், முகப்பிலிருந்து வளவு வழியாக, அதற்கு அடுத்த இரண்டாங்கட்டுவரை ஒருவர் நடக்கும் வேகத்தில், வெட்டாமல், இசை சேர்க்காமல் ஒரே வீடியோவாக எடுத்துவிட வேண்டும். எடுப்பவர் படைத்தவராக இருக்கக் கூடாது. அவர் தனக்குப் பிடித்த பக்கத்திலேயே நின்றுவிடுவார். இதை ஆய்வேட்டின் இணைப்பாகத் தருகிறோம். எந்த நிமிடத்தில் வரும் காட்சி எந்த அத்தியாயத்தின் எந்தப் பக்கத்துக்கு ஆதாரம் என்று காட்டும் ஓர் அட்டவணையும் அதோடு போகும்.